காத்திருப்போர் எவருமில்லை

மாதத்தின் முதல் சனிக்கிழமை கேண்டீன் நாள். சாமான் வாங்க வரும் முன்னாள் சிப்பாய்கள் வாங்கி முடித்ததும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். எங்கள் நலநிலையத்தின் பின்னால் இருக்கும் வண்டிக் கொட்டகையில் கூடி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, இடது மணிக்கட்டை நீட்டிக்கொண்டு வட்டமாக நிற்பார்கள். மணிக்கட்டில் காப்பு இருக்கும். காப்பில் எண் ஒளிரும். யாருடைய எண் பெரியதோ அவருக்கு அந்த மாதத்தின் முதல் பெக். ஊற்றிக் கொடுப்பவர் நாயக் சவரிமுத்து. இருதய அறுவை செய்துகொண்டவர் என்பதால் அவர் குடிக்கக் கூடாது. அதனால் ஊற்றுகிற உத்தியோகம் அவருக்கு வந்து சேர்ந்தது.

வளாகத்துக்குள் மது அருந்தக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டவளே நான்தான். ஆனால் அறுபதைத் தாண்டிய ஆண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மார்க்கை ஒப்பிட்டுப் பார்க்கிற அழகைக் கெடுக்க மனம் வராது. ஜன்னலைச் சாத்திவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

காப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்கு மலிவான கைக்கடிகாரம்தான். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு முறை, கட்டியிருப்பவரின் நாடி, மூச்சு, சூடு, தோலுக்கடியில் ஓடும் ரத்தம் எல்லாவற்றையும் அளந்து கோவையில் இருக்கும் மைய இயந்திரத்துக்கு அனுப்பும். நாள் முழுக்க வேவு பார்க்கக் கூடாது என்று படைவீரர் சங்கம் கறாராகச் சொல்லிவிட்டதால் ஒரு முறைதான். எல்லோருடைய அளவையும் ஒப்பிட்டு, இயந்திரம் ஆளுக்கொரு வரிசை எண் கொடுக்கும். எண் பத்துக்குள் வந்தால் அன்றைக்கே வண்டி வாசலில் நிற்கும். நூற்றுக்குள் வந்தால் அந்த வாரம் நாங்கள் கூப்பிடுவோம். அதற்கு மேலே இருப்பவர்கள் நிம்மதியாக வீட்டில் இருக்கலாம். எங்களுக்குச் சொல்லப்பட்டது அப்படித்தான்.

சவரிமுத்துவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மனிதரை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. "நான் நல்லாத்தானய்யா இருக்கேன்" என்று மதுரை வரைக்கும் சண்டை போட்டாராம். மத்தியானமே நெஞ்சைத் திறந்து சரிசெய்துவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தாண்டியிருக்க மாட்டார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் காப்பைச் சந்தேகப்பட்டவர்கள் யாருமில்லை.

நான் சந்தேகப்பட நியாயமே இல்லை. என் கணவர் முத்திருளனும் பட்டாளத்துக்காரர்தான். அவர் காலத்தில் காப்பு கிடையாது. நெஞ்சு வலியோடு ஒப்புதலுக்குக் காத்திருந்தார், மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்திருந்தார், படுக்கைக்குக் காத்திருந்தார். அறுவைக்குத் தேதி கிடைத்துவிட்டது என்று போன் வந்தபோது வீட்டில் அவருடைய பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. பேசிய பெண் பாவம், சந்தோஷமான குரலில் சொன்னாள். நோயாளியை வெறும் வயிற்றோடு அழைத்து வரச் சொன்னாள். நான் சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

என்னைப் போன்ற விதவைகள் சேர்ந்து தலைநகரம் வரைக்கும் போய் தர்ணா உட்கார்ந்தோம். எங்கள் கோரிக்கை ஒரே வரிதான்: வரிசையில் நின்று ஒருவரும் சாகக் கூடாது. சில வருஷங்களில் காப்பு வந்தது. இந்த நிலையத்தின் வரிசை அலுவலராக எனக்கு வேலையும் வந்தது. முன்கூடத்துச் சுவரில் ஒரு திரை இருக்கிறது. பச்சை எழுத்தில் அது பெரும்பாலும் காட்டுவது 'காத்திருப்போர்: எவருமில்லை' என்ற வாசகம். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அதைப் பார்ப்பேன். அவர் படத்துக்குப் பூ வைப்பதை விட எனக்கு அதில்தான் திருப்தி.

ஹவில்தார் ஒச்சப்பன் தொடர்ந்து மூன்று மாதமாக முதல் பெக் வாங்கிக்கொண்டிருந்தார். பனிமலைப் போஸ்ட்டில் இருந்துவிட்டு வந்தவர். நல்ல உயரம், வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத சட்டை. என் கணவருக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதால் எனக்கு அவர் அண்ணன். கொட்டகையில் அவர் எண்ணைப் பார்த்து மற்றவர்கள் சல்யூட் வைப்பார்கள். "நீ நூறு வயசு இருந்து எங்க எல்லாருக்கும் மாலை போடுவப்பா" என்று சவரிமுத்து கேலி செய்வார்.

அவருடைய மனைவி பேச்சியம்மாள் ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேட்டது இதுதான்.

"தாயி, அந்த மிசினு பொய் சொல்லுமா?"

"ஏன் மதினி?"

"மனுசன் ஒரு இட்லிக்கு மேல எறக்க மாட்டேங்குறாரு. பெல்ட்டுல ஆணிய வச்சு நாந்தான் புதுசா ஓட்ட போட்டுக் குடுத்தேன். படுத்தா முதுகப் புடிச்சுக்கிட்டு செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிறாரு. கேட்டா தூக்கம் வரலங்குறாரு. நம்பரு மட்டும் ஏறிக்கிட்டே போகுது."

"காப்பு தப்புப் பண்ணாது. சவரிமுத்தண்ணன நீங்களே பாத்தீங்கள்ல."

"சவரிமுத்துக்கு எறங்குச்சு. இவருக்கு ஏறுதே தாயி."

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த இயந்திரத்தை யாராவது குறை சொன்னால் என் வீட்டு ஆளைச் சொன்னது போல் எனக்குச் சுருக்கென்றுவிடும். இருந்தாலும் கேட்டு வைத்தேன்.

"காலையில ஆறு மணிக்கு அளக்கும்போது எப்படி இருக்காரு?"

பேச்சியம்மாள் லேசாகச் சிரித்தார். "அதையேன் கேக்குற. விடியிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு ரெண்டு வலி மாத்திரயப் போட்டுருவாரு. குளிச்சு, ஷேவ் பண்ணி, போர்வைய மடிச்சு வச்சுட்டு, கட்டில்ல நிமிந்து உக்காந்து மூச்ச இழுத்து இழுத்து விடுவாரு. என்னய்யா இதுன்னா, இன்ஸ்பெக்சன் வருதுடிங்குறாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது. பட்டாளத்து ஆட்களைக் கட்டிக்கொண்ட எங்களுக்கு இது புதிதில்லை. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் கல்லுக்கும் வெள்ளையடிப்பார்கள். ஓட்டை வாளியைத் தூக்கி மறைத்து வைப்பார்கள். பரிசோதனை என்றால் குறையைக் காட்டுவதற்கு அல்ல, குறை இல்லை என்று காட்டுவதற்கு. என் கணவரும் மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் மீசைக்குச் சாயம் போட்டுக்கொண்ட ஆள்தான்.

பேச்சியம்மாள் போன பிறகுதான் சிரிப்பு நின்றது. மறுநாள் ஒச்சப்பனைக் கூப்பிட்டு, பேட்டரி மாற்றவேண்டும் என்று பொய் சொல்லி, வேறு காப்பைக் கட்டிவிட்டேன். அடுத்த நாள் காலை அதே எண். மூன்றாவதாக ஒன்றைக் கட்டினேன். எண் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

கோவைக்கு வீடியோவில் பேசினேன். இயந்திரத்தைப் பராமரிக்கும் நிரஞ்சன் மரியாதையான பையன். எப்போது கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வான்.

"மூணு காப்பு மாத்தியும் ஒரே மாதிரி வருதுன்னா பழுது இல்லைங்க மேடம்" என்றான். அப்புறம் எதையோ தட்டிப் பார்த்தான். "அவருக்கு உடம்பு சரியில்லைங்கறது மிசினுக்குத் தெரியுங்க."

"தெரிஞ்சா எண் ஏன் எறங்கல?"

"எண்ணு நோவைப் பாத்து வர்றது இல்லைங்க. பலனைப் பாத்து வர்றது. ஒருத்தருக்கு இன்னைக்கு வைத்தியம் பண்ணுனா எவ்வளவு ஆயுசு கூடும்னு கணக்குப் போடும். நெறையக் கூடும்னா முன்னாடி. கொஞ்சம் கூடும்னா பின்னாடி."

"நல்லா இருக்கறவங்க பின்னாடி இருப்பாங்க. அது எனக்குத் தெரியுமே."

"ஆமாங்க. ஆனா நல்லா இருக்கறவருக்கும் ஒரு செக்கப் பண்ணுனா ஏதோ கொஞ்சம் பலன் உண்டுங்க."

மீதியை நானே கேட்கட்டும் என்று காத்திருந்தான் போல.

"ஒண்ணுமே கூடாதுன்னா?"

"அவங்கதாங்க கடைசி."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வண்டிக் கொட்டகை காலியாகக் கிடந்தது. எனக்கு ஒவ்வொருவராக ஞாபகம் வந்தார்கள். ஒச்சப்பனுக்கு முன்னால் முதல் பெக் வாங்கிக்கொண்டிருந்தவர் டிரைவர் பால்ச்சாமி. அவருக்கு முன்னால் சமையல்காரர் கட்டபொம்மு. அதற்கும் முன்னால் ஒரு சுபேதார். எல்லோரும் வீட்டில் திடீரென்று போய்ச் சேர்ந்தவர்கள். கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத ஆள், கொடுத்து வைத்த சாவு என்று துக்க வீட்டில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்களில் நானும் இருந்தேன்.

"அப்ப எங்க திரையில எவருமில்லன்னு போடுதே?"

"எண்ணு பெருசாப் போனா காத்திருக்கற கணக்குலயே வராதுங்க. காத்திருக்காதவரு காத்திருந்து சாக முடியாதுங்களே." சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். "வரிசையில யாரும் சாகக் கூடாதுன்னு நீங்க எல்லாரும் கேட்டீங்க மேடம். மிசினுக்கு அதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அது அதுக்குத் தெரிஞ்ச வழியில செஞ்சுருச்சு."

அவன் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் முத்திருளன் பெயரைச் சொல்லி நான் கேட்ட வரத்தில் ஒச்சப்பனைத் தள்ளிவிட ஓர் ஓட்டை இருந்திருக்கிறது.

"நடுவுல அவருக்கு ஒரு நாளாவது எண் எறங்கியிருக்கணுமே?"

"ஒரே ஒரு நாள் கொஞ்சம் எறங்கியிருக்குதுங்க, நூறு வரைக்கும் வரல. அதுக்கு முன்னாடி எல்லா அளவும் சுத்தம். அந்த வயசுல அத்தனை சுத்தமா ஒருத்தருக்கும் இருக்காதுங்க. மறைக்க முடியாம போனப்பறம்தான் மிசினு கண்டுபிடிச்சிருக்குது. மறுநாளே நேரம் கடந்துருச்சுன்னு கணக்குப் போட்டு ஏத்திருச்சுங்க."

"சரி, வலிக்காவது மருந்து?"

"மிசினு கூப்பிட்ட ஆளுக்குத்தாங்க நிலையத்து மருந்து அலமாரி தெறக்கும்."

எங்கள் நிலையத்து மருத்துவர் ஷாநவாஸிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வண்டி கொண்டு வந்து சேர்ப்பவர்களைப் பார்ப்பதுதான் அவர் வேலை. வராதவர்களைப் பற்றி அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"என் கையால சீட்டு எழுதித் தந்தா வெளிக் கடையில வலி மருந்து குடுப்பாங்க. மதுரையில ஒரு படுக்கையும் கேட்டு வாங்கலாம். காப்பு வர்றதுக்கு முன்னாடி இருந்த அந்தச் சட்டம் இன்னும் செல்லும். ஆனா அந்த ஆளு எங்கிட்ட வந்து, வலிக்குதுன்னு தன் வாயால சொல்லணும். காப்பையும் நீங்க சொல்றதையும் வச்சு நான் எழுத முடியாதுங்க."

"அவ்வளவுதானா டாக்டர்?"

"அவ்வளவுதான்னு சொல்லாதீங்க. உங்க ஆளுங்கள உங்களுக்கே தெரியும்."

தெரியும். பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போவதற்கு சிக் ரிப்போர்ட் என்று பெயர். அடிக்கடி சிக் ரிப்போர்ட் போகிறவன் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன். அவனுக்கு ஆயுசுக்கும் ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒச்சப்பன் தன் சர்வீசில் ஒரு முறைகூடப் போனதில்லை என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொல்லித்தான் பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சியம்மாளைக் கொடுத்தார்களாம்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஷூதான் முடிந்திருந்தது. இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காப்பு, கணக்கு, பலன் என்று நான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"லைட்டு நகந்துருச்சுங்குற. எனக்குத் தெரியும் தங்கச்சி."

"எந்த லைட்டு?"

"மேல போஸ்ட்டுல ஒரு தடவ பனி சரிஞ்சுருச்சு. டாக்டர் சாப் ஒருத்தரு, ஸ்ட்ரெச்சர் ஒண்ணு. நான் டார்ச்சு புடிச்சுக்கிட்டு அவரு கூடப் போறேன். ஒவ்வொருத்தனாக் குனிஞ்சு பாக்குறாரு. பொழைப்பான்னா நிப்பாரு. இல்லைன்னா எந்திரிச்சு அடுத்தவன்ட்ட போயிருவாரு. ஒரு பய, மராட்டிக்காரன், கண்ண முழிச்சு எங்களையே பாக்குறான். சாப் எந்திரிச்சுட்டாரு. நானும் லைட்ட நகத்திட்டேன்." அவர் ஷூவைத் தரையில் வைத்தார். "நம்பரு ஒரு நாள் எறங்கிட்டு மறுநாள் சரசரன்னு ஏறுச்சு பாரு, கொட்டகையில கைதட்டுனானுக. எனக்கு அந்தப் பய மூஞ்சிதான் வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"சொன்னா? சாப் செஞ்சது தப்புன்னு சொல்லவா? அன்னைக்கு அதுதான் சரி. இருந்தது ஒரே டாக்டரு." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்பயும் ஒரே டாக்டருதானான்னு மட்டும் கேக்கத் தோணுது. சுத்தி எம்புட்டு ஆஸ்பத்திரி கட்டிட்டானுக."

கதவோரம் நின்றிருந்த பேச்சியம்மாளை நான் அப்போதுதான் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எங்கிட்டயாச்சும் வலிக்குதுன்னு சொல்லிருக்கலாம்ல" என்றார். ஒச்சப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவர் கேட்பதைச் சொன்னேன். ஒரே ஒரு முறை வந்து வாயால் சொன்னால் போதும், இருக்கிற நாளை வலியில்லாமல் கழிக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அது மாட்டேன் என்கிற ஆட்டம்.

"சாகப்போற நேரத்துல சிக் ரிப்போர்ட் போனான்னு பேரு வாங்கவா? விடு தங்கச்சி. மாத்திர இருக்கு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஆண்களின் வீம்பை எத்தனை வீட்டுக் கூடத்தில் கிடத்திப் பார்ப்பது. எழுந்து செருப்பை மாட்டும்போது அவரே கூப்பிட்டார்.

"போன மாசம் எனக்கு அடுத்த நம்பரு யாருக்கு?"

"மலையாண்டிக்கு."

"ஏறுதா எறங்குதா?"

"ஏறிக்கிட்டுத்தான் இருக்கு."

ஒச்சப்பன் பாலிஷ் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காராமல் இரண்டு முறை நழுவியது. "காலையில ரெண்டு மாத்திர, பத்து மூச்சு. அவனுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவனுக்கு மட்டுமில்ல" என்றார்.

அடுத்த கேண்டீன் நாளன்று நான் ஜன்னலைச் சாத்தவில்லை. கொட்டகையில் வழக்கம்போல வட்டம் கூடியிருந்தது. இத்தனை நாளாக அந்த மணிக்கட்டுகளைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு பெரிய எண்ணும் என்னைப் பயமுறுத்தியது. அவர்களில் யார் திடமானவர், யார் கைவிடப்பட்டவர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கே தெரியாது.

ஒச்சப்பன் கேட் வரைக்கும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்டில் கையை எடுத்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை உடம்பில் ஒட்டாமல் தொங்கியது. மெடல்களைக் குத்தியிருந்தார். "வாய்யா நூறு வயசுக்காரா" என்று சவரிமுத்து கிளாஸை நீட்டினார். எண்ணைப் பார்த்து இரண்டு மூன்று பேர் சல்யூட் வைத்தார்கள்.

அவர் கிளாஸை வாங்கவில்லை. அவர்களைக் கடந்து, முன்கூடத்துப் படியேறி, என் மேசையைத் தாண்டி, மருத்துவர் அறை வாசலில் போய் நின்றார். என்ன ஆச்சு என்று கூட்டம் பின்னாலேயே வந்தது. ஒச்சப்பன் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"ஹவில்தார் ஒச்சப்பன். சிக் ரிப்போர்ட்."

பின்னால் ஒருவர் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துவிட்டார். இன்னும் சிலர் சேர்ந்து சிரித்தார்கள். டாக்டர் ஷாநவாஸ் எழுந்து வாசலுக்கே வந்தார்.

"சொல்லுங்க ஹவில்தார் சாப். என்ன செய்யுது?"

"வலிக்குது சாப்."

"எங்க?"

"எல்லா எடத்துலயும்."

"எவ்வளவு நாளா?"

ஒச்சப்பன் பதில் சொல்வதற்கு முன் பேச்சியம்மாள் நின்ற பக்கம் பார்த்தார். "ரெண்டு வருசமா. யாருகிட்டயும் சொல்லல. காலையில மாத்திரயப் போட்டு மறைச்சு வச்சுருந்தேன்." பிறகு திரும்பாமலே, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னார். "இந்தக் காப்புல பெரிய நம்பருன்னா ஃபிட்டுன்னு அர்த்தமில்ல. உன்னயப் பாத்துப் பிரயோசனமில்லைன்னும் அர்த்தம். எனக்கு அதுதான். பால்ச்சாமிக்கும் அதுதான்."

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. சவரிமுத்துவின் கையில் கிளாஸ் அப்படியே இருந்தது. டாக்டர் ஒச்சப்பனின் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துக்கொண்டு போனார். பேச்சியம்மாள் கூடவே போனார். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்த முனகல் அது. நான் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கதவுக்கு முன்னால் மலையாண்டி நின்றிருந்தார். தன் காப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். அப்புறம் இன்னொருவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின் முதுகாக, பழைய பழக்கத்தில் ஒரு கை இடைவெளி விட்டு நின்றார்கள். வரிசை முன்கூடத்தைத் தாண்டி, படியிறங்கி, கேட் பக்கம் வளைந்து போனது.

ஒழிக்கவேண்டும் என்று நான் பாடுபட்ட வரிசை. பெஞ்சுகளை இழுத்துப் போட்டேன். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவர்கள் தலைக்கு மேலே, சுவரில், வழக்கமான பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

காத்திருப்போர்: எவருமில்லை.